சக்கரம் மாற்றுமுன்



ஒரு பொருளின் விலையை அறிவது எளிது. அதன் பயனை அளப்பது அரிது. விலைச்சீட்டைப் படிக்க எழுத்தறிவு போதும். பயனை அளக்கவோ, பள்ளியில் கற்ற கணக்கும் பௌதிகமும் துணைக்கு வரவேண்டும். கற்ற பாடம் வாழ்க்கையில் எங்கே உதவும் என்று கேட்கும் மாணவர் உண்டு. அவர்களுக்கு விடையாக இன்று ஒரு சிறு பொருளை எடுத்துக்கொள்கிறேன். அது மிதிவண்டியின் சக்கரம்.

சாலைப் பந்தயத்திற்கென அமைந்த மெல்லிய மிதிவண்டியை ரோடு பைக் என்று வழங்குகிறோம். வண்டியோடு வந்த சக்கரத்தைக் கழற்றிவிட்டு, விலை மிகுந்த புதுச் சக்கரத்தைப் பூட்டினால் வேகம் கூடும் என்னும் நம்பிக்கை இளைஞரிடையே பரவியிருக்கிறது. அந்நம்பிக்கையில் உண்மையும் உண்டு; மிகையும் உண்டு. இரண்டையும் பிரித்துக் காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் சக்கரம் சுமையை எவ்வாறு தாங்குகிறது என்று பார்ப்போம். மாட்டுவண்டிச் சக்கரத்தில் நடுவே குடம். குடத்திலிருந்து புறப்படும் ஆரக்கால்கள். அவற்றைச் சூழ்ந்து வட்டை. வட்டையின்மேல் இரும்புப் பட்டை. சுமை குடத்தின் வழியே இறங்கிக் கீழேயுள்ள ஆரக்காலை அழுத்துகிறது. அம்மரக்கால் தூண்போல் நின்று தாங்குகிறது. மிதிவண்டியிலோ ஆரக்கால் என்பது சுமார் 2 மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பி. அதனைத் தூணாக நிறுத்தினால் துவண்டுவிடும். ஆகவே எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே இழுத்து முடுக்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு கம்பியிலும் ஏறத்தாழ 100 கிலோ எடையைத் தொங்கவிட்டாற்போன்ற இழுவிசை இருக்கும். நாம் வண்டியில் அமர்ந்ததும், தரையை நோக்கியுள்ள சில கம்பிகளின் இறுக்கம் சற்றுக் குறைகிறது. மற்றவை பெரும்பாலும் மாறுவதில்லை. அவ்வாறு இறுக்கம் குறைவதன் வாயிலாகவே நம் எடை தாங்கப்படுகிறது.

இதிலிருந்து ஒரு முடிவு பெறலாம். கம்பிகள் போதிய இறுக்கத்தோடும் ஒரே சீராகவும் முடுக்கப்பட்டிருக்க வேண்டும். தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் தொய்வதும் விறைப்பதுமாக இருந்து, களைப்புற்று, ஒருநாள் வளைவில் முறிந்துவிடும். ஆதலால், விலை உயர்ந்த சக்கரத்தைத் தளர்வாகக் கட்டுவதைவிடச் சாதாரணச் சக்கரத்தைச் செம்மையாகக் கட்டுவது மேல்.

இக்கம்பிச் சக்கரம் ஒருநாளில் தோன்றியதன்று. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் கேலி என்பார் 1808-ஆம் ஆண்டிலேயே, பறக்கும் பொறிக்கு எடை குறைந்த சக்கரம் வேண்டி, இழுத்துக் கட்டிய ஆரங்களைப் பற்றிச் சிந்தித்தார். 1874-இல் ஜேம்ஸ் ஸ்டார்லி என்பவர், கம்பிகளைக் குடத்தின் நடுவிலிருந்து நேராகச் செலுத்தாமல், பக்கவாட்டில் சாய்த்து ஒன்றையொன்று குறுக்கிடுமாறு பின்னும் முறைக்கு உரிமை பெற்றார். மிதிக்கும் விசையைக் குடத்திலிருந்து வட்டைக்குக் கொண்டுசெல்ல இம்முறையே தக்கது. 1888-இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரைப் படைத்தார். இன்று நம் தெருவிலோடும் சைக்கிளிலும் பந்தய வண்டியிலும் இம்மூவர் சிந்தனையும் சுழல்கின்றது.

இனிப் புதுச் சக்கரம் தரும் நன்மைகளைக் கணக்கிடுவோம். விற்பனையாளர் முதலிற் கூறுவது எடைக் குறைவு. பழைய சக்கர இணை 1,900 கிராம். புதியது 1,500 கிராம் என்று கொள்வோம். மிச்சம் 400 கிராம். ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ எனில், இது இருநூற்றில் ஒரு பங்கு. செங்குத்தான மலைப்பாதையில் வேகம் பெரும்பாலும் எடையைப் பொறுத்தது. அங்கே ஒரு மணி நேரம் ஏறுபவர்க்கு, அதாவது 3,600 விநாடி ஏறுபவர்க்கு, இருநூற்றில் ஒரு பங்கு 18 விநாடி ஆகும். தண்ணீர்ப் புட்டியில் 400 மில்லிலிட்டர் குறைவாக எடுத்துச் சென்றாலும் இதே 18 விநாடி கிடைக்கும்.

"சுழலும் எடை இருமடங்கு எடைக்குச் சமம்" என்று ஒரு பேச்சு உண்டு. இதுவும் பாதி உண்மை. வட்டையின் ஓரத்திலுள்ள எடை முன்னோக்கி நகர்வதோடு சுழலவும் செய்கிறது. ஆதலால் வேகம் கூட்டும்போது அதற்கு இருமடங்கு ஆற்றல் தேவை. நொடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தை எட்ட, 80 கிலோ எடைக்கு 4,000 ஜூல் இயக்க ஆற்றல் வேண்டும். மிச்சமான 400 கிராம் முழுவதும் வட்டையின் ஓரத்திலேயே குறைந்தது எனக் கொண்டாலும், மிச்சப்படும் ஆற்றல் 40 ஜூல். நூற்றில் ஒரு பங்கு. வேகம் பெற்றபின், சீராகச் செல்லும் சமவெளிப் பாதையில் அக்கூடுதல் எடையால் நட்டம் மிகமிகச் சிறிது.

சமவெளியில் நம்மைத் தடுப்பது யார்? காற்று. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், காற்றில்லாத நாளில், நிமிர்ந்தும் படுத்தும் அல்லாமல் நடுத்தரமாக அமர்ந்து செல்பவர் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கைக் காற்றே விழுங்கிவிடுகிறது. அதை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் முப்படியாக வளர்கிறது. 30-லிருந்து 36-க்கு உயர வேண்டுமாயின், காற்றுக்குக் கொடுக்கும் திறன் 1.73 மடங்காக வேண்டும். ஆகவே உயரமான வட்டை அமைந்த சக்கரங்கள், காற்றைக் கிழித்துச் செல்வதால், பந்தயத்தில் பயன் தருவது உண்மையே. 1984-ஆம் ஆண்டு சனவரியில் இத்தாலியரான பிரான்செஸ்கோ மோசர், மெக்சிகோ நகரில், தட்டுப்போல் மூடிய சக்கரங்களைப் பூட்டி, ஒரு மணி நேரத்தில் 51.151 கிலோமீட்டர் சென்றார். 1972-இல் எடி மெர்க்ஸ் நிறுவிய 49.431 கிலோமீட்டர் சாதனை அவ்வாறு முறிந்தது.

ஆனால் 1989-ஆம் ஆண்டின் பாடத்தையும் உடன் படிக்கவேண்டும். அவ்வாண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் இறுதிநாளில், வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர் தனித்தனியாக ஓட்டவேண்டியிருந்தது. பிரெஞ்சு வீரர் லாரன்ட் பிஞ்ஞோன் 50 விநாடி முன்னிலையில் இருந்தார். முன்னும் பின்னும் மூடிய தட்டுச் சக்கரங்கள் அவர் வண்டியில் இருந்தன. அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் பின்பக்கம் மட்டுமே தட்டுச் சக்கரம் பூட்டியிருந்தார். ஆனால் கைகளை முன்னே நீட்டி உடலை ஒடுக்கிக்கொள்ள உதவும் புதுவகைக் கைப்பிடியைப் பொருத்தியிருந்தார். அன்று லெமாண்ட் 58 விநாடி முந்தினார். மூன்று வாரப் பந்தயம் 8 விநாடியில் அவருக்கு வெற்றியாய் முடிந்தது. அவ்வெற்றிக்குக் காரணங்கள் பல இருக்கலாம். எனினும் காற்றை எதிர்ப்பதில் பெரும்பங்கு சக்கரத்தினுடையதன்று, நம் உடலினுடையதே என்பதை அது நினைவூட்டுகிறது. முழங்கையை மடக்கிக் குனிந்து ஓட்டப் பழகுவதற்குக் காசு வேண்டுவதில்லை.

எனக்குத் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர் இப்பொருள் பற்றிக் கலந்துபேச வந்தார். தந்தையார் இல்லை. கார்பன் இழைச் சக்கரம் வாங்குவதற்காக அவர் அன்னையார் தம் இரு வளையல்களை அடகுவைக்க இசைந்திருந்தார். நான் இப்போது கூறிய கணக்குகளை இருவருமாகத் தாளில் போட்டோம். முடிவில் அவர், "ஐயா, 18 விநாடியில் தோற்றவர்களும் இருக்கிறார்களே!" என்றார். நல்ல கேள்வி. "இருக்கிறார்கள், தம்பி. ஆனால் உனக்கு முன்னே வருபவர் இன்று எத்தனை நிமிடம் முன்னே வருகிறார்?" என்று கேட்டேன். "ஆறு நிமிடம்" என்று உண்மையைச் சொன்னார். ஆறு நிமிடத்தை நிரப்பப் பயிற்சி வேண்டும்; பதினெட்டு விநாடியை நிரப்பவே சக்கரம் உதவும். அவர் பழைய சக்கரத்தைச் சைக்கிள் கடையில் கொடுத்துக் கம்பிகளைச் சீராக முடுக்கி, கோணல் எடுத்து, நல்ல டயர்களை வாங்கிப் பூட்டினார். வளையல்கள் தாயின் கையிலேயே இருந்தன.

டயரை ஏன் முதலிற் சொன்னேன் எனில், தரையைத் தொடுவது அதுவே. உருளும்போது டயர் நசுங்கி நிமிர்வதில் ஆற்றல் வீணாகிறது. இத்தடையின் குணகம் 0.005-லிருந்து 0.004-ஆகக் குறைந்தால், 80 கிலோ எடையோடு மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 6 வாட் திறன் மிச்சமாகும். அது மிதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் கிடைக்கும் வரவு. மேலும் 23 மில்லிமீட்டர் டயரில் காற்றை இறுகத் திணிப்பதே வேகம் என்று முன்னாளில் எண்ணினர். இன்றோ பந்தய வீரர்களே 28 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள டயர்களில், சற்றுக் குறைந்த அழுத்தத்தில் செல்கின்றனர். கரடான சாலையில் வண்டி துள்ளாமையே வேகம் என்பது தெளிந்தமையே காரணம்.

இவ்வளவும் அறிந்தபின், சக்கரம் வாங்கத்தான் வேண்டும் என்றால், வாங்குக. பழையது அடிக்கடி முறிகிறது என்றாலோ, பயிற்சி முதிர்ந்து விநாடிகளுக்காகப் போராடும் நிலை வந்தது என்றாலோ, அது தக்க செலவே. அப்பொழுது நான்கு பொருத்தங்களைப் பார்க்கவேண்டும்.

முதலாவது, விட்டம். டயரின் பக்கத்தில் 28-622 என்பதுபோல் எழுதியிருக்கும். 28 என்பது டயரின் அகலம். 622 என்பது டயர் அமரும் வட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில். பழைய கனத்த சைக்கிள்களின் 28 அங்குலச் சக்கரத்துக்கு இவ்வளவு 635. பெயரை நம்பாமல் எண்ணை நம்புக. இரண்டாவது, பிரேக். வட்டையைப் பிடிக்கும் பிரேக்குக்கு ஒருவகைச் சக்கரம். தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்குக்கு வேறுவகை. மூன்றாவது, அச்சு. பின்சக்கரக் குடத்தின் அகலம் வட்டைப் பிரேக் வண்டிகளில் பொதுவாக 130 மில்லிமீட்டர். ஊடுருவும் அச்சு கொண்ட டிஸ்க் வண்டிகளில் 142. நான்காவது, பற்சக்கரத் தொகுதி பூட்டும் குடத்தின் வடிவம். இது தயாரிப்பாளர்க்குத் தயாரிப்பாளர் மாறும்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல். 80 கிலோ எடை 300 மீட்டர் உயரம் இறங்கும்போது 2,35,000 ஜூல் ஆற்றல் விடுபடுகிறது. முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். கொல்லிமலைச் சாலையைப்போல் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள இறக்கத்தில், அதிற் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக மாறும். கார்பன் வட்டையை உரசும் பிரேக்கு நெடுநேரம் அழுத்தப்பட்டால், இழைகளைப் பிணைக்கும் பிசின் வெப்பத்தால் இளகிக் கேடுறலாம். அத்தகைய மலைகளில் ஓட்டுபவர்க்கு அலுமினிய வட்டையோ டிஸ்க் பிரேக்கோ நலம். உயர்ந்த வட்டை கடற்கரைச் சாலையில் பக்கக் காற்றை வாங்கி முன்சக்கரத்தைத் திருப்பும் என்பதையும், மெலிந்த உடலினர் சிறப்பாக நினைவிற் கொள்க. உட்புறத்தில் கொக்கி விளிம்பில்லாத புதுவகை வட்டைகளில் காற்றழுத்தம் 5 பார், அதாவது சுமார் 72 பவுண்டைத் தாண்டலாகாது. அதற்கு இசைந்த டயர் எதுவெனத் தயாரிப்பாளர் கூறுவதைப் படித்தே பூட்டவேண்டும். புகழ்பெற்ற பெயரைப் பொறித்து மலிவாய் விற்கும் போலிச் சக்கரத்தை எந்நாளும் தொடாதீர்கள். அதன்மேல் ஏறிச் செல்வது உங்கள் உயிர்.

மாணவர்களே, நான் கூறியவற்றுள் பள்ளி இறுதி வகுப்புப் பாடத்திற்கு அப்பாற்பட்ட கணக்கு ஒன்றுமில்லை. ஆசை எழும்போது தாளும் எழுதுகோலும் எடுத்து அமர்வதே அறிவுடைமை. சக்கரமாயினும் கைப்பேசியாயினும், "இது எனக்கு எவ்வளவு தரும்? இதற்காக வீட்டில் யார் எதை விடுகிறார்கள்?" என்னும் இரு வினாக்களையும் எழுதி விடை காணுங்கள். விடை கண்டபின் வாங்கினாலும் மகிழ்ச்சி, வாங்காவிடினும் மகிழ்ச்சி.