சொல்ல வரும் பிள்ளையை அதட்டாதீர்கள்

(பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

2021 ஜூன் மாதத்தை நினைத்துப் பாருங்கள். ஊரடங்கு, பள்ளிக்கூடமே செல்போனுக்குள் வந்திருந்த நேரம். பப்ஜி விளையாட்டை யூடியூபில் நேரலையாகக் காட்டிக்கொண்டு ஆபாசமாகப் பேசியதாக மதன் என்பவர் தர்மபுரியில் கைது செய்யப்பட்டார். 2020 செப்டம்பரிலேயே மத்திய அரசு தடை செய்த விளையாட்டு அது. அவருடைய பேச்சைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை என்று உயர் நீதிமன்றத்திலேயே சொல்லப்பட்டது. அதைக் கேட்டவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். பிள்ளையின் காதில் இயர்போன். அடுத்த அறையில் பெற்றோர். வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

கேட்பதோடு போனால் ஒரு மாதிரி. விளையாட்டில் சேரும் முகம் தெரியாத ஆள் பிள்ளையிடம் நேராகப் பேசத் தொடங்கினால்? முதலில் புகழ்வான். பிறகு வாட்ஸ்அப் எண் கேட்பான். "வீட்டில் சொல்லாதே" என்பான். ஒரு படம் கேட்பான். படம் கைக்குப் போனதும் பணமோ இன்னொரு படமோ கேட்டு மிரட்டுவான். அவனுடைய முதலீடு ஒன்றுதான்: பிள்ளைக்கு நம் மேல் உள்ள பயம். "அம்மாவுக்குத் தெரிந்தால் அடி விழும், அத்தாவுக்குத் தெரிந்தால் போனைப் பிடுங்கிவிடுவார்" என்று பிள்ளை வாய்மூடி இருக்கும்வரை அவன் பிழைப்பான்.

ஆகவே இன்றே பிள்ளைகளிடம் சொல்லி வைப்போம்: "என்ன நடந்தாலும் வந்து சொல். அடிக்க மாட்டோம், போனையும் பறிக்க மாட்டோம்." அத்தா வளைகுடாவில் இருக்கும் வீடுகளில் இதை அவர் வாயாலேயே வீடியோ காலில் சொல்லட்டும். சொன்ன வாக்கைக் காப்பதும் நம் கடமை.

மிரட்டல் வந்துவிட்டால் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுபடியும் கேட்பான். உரையாடலை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அதுதான் சாட்சியம். பிறகு அந்த எண்ணைத் தடை செய்யுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. பணம் பறிபோயிருந்தால் உடனே 1930. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பிள்ளைகள் தொடர்பான ஆபாசப் படங்களைப் பற்றிப் பெயர் குறிப்பிடாமலும் புகார் செய்யலாம்.

"போலீசுக்குப் போனால் மானம் போய்விடுமே, நாளைக்குப் பெண்ணுக்கு வரன் அமையுமா?" என்று தாய்மார்கள் கலங்குவது நமக்குத் தெரியும். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் இதற்கு வழி செய்திருக்கிறது. பிள்ளையின் பெயர், படம், முகவரி, பள்ளி எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. பிள்ளையின் வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்க வேண்டும். வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. கூடுமானவரை பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். எந்தக் காரணத்தாலும் பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. ஆண் பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான்.

தாம்பரத்துக்கு 2022 முதல் தனிக் காவல் ஆணையரகம் இருக்கிறது. புகாருக்காக நகரம்வரை அலைய வேண்டியதில்லை. தனியாகப் போகத் தயக்கமா? எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். மனு எழுதித் தருகிறோம், கூடவே வருகிறோம். நீங்கள் சொல்வது எங்களிடம் அமானிதம். ஜமாஅத்தில் ஒருவர் காதுக்கும் போகாது.

பிள்ளைகள் நமக்கு அல்லாஹ் தந்த அமானிதம். அவர்கள் பயமில்லாமல் வந்து பேசும் வீடுகளாக நம் வீடுகளை அவன் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.