கல்லும் பூவும்



அயர்லாந்தின் மேற்குக் கரையில், அத்திலாந்திக் சமுத்திரத்தை நோக்கியிருப்பது கிளேர் மாவட்டம். அங்கே செல்லும் யாத்திரிகர் பலர், 700 அடி உயர்ந்து நிற்கும் மோகர் கடற்பாறைகளைக் கண்டதும் திரும்பிவிடுகின்றனர். அவற்றின் வடபாலுள்ள பரன் என்னும் சுண்ணக்கற் பூமியில் ஒரு நாளேனும் தங்குதல் நன்று.

தூரத்தே நோக்குவார்க்கு அது வெறுஞ் சாம்பல்நிறப் பாலை. அணுகிக் குனிந்து நோக்கினாலோ, கல்வெடிப்புகள்தோறும் மலர்கள்! துருவப் பனிநாட்டுச் செடிகளும் மத்தியதரைக் கடல்நாட்டுச் செடிகளும் அங்கு அயலயலே பூக்கின்றன. மே மாதமே அவற்றைக் காண ஏற்ற காலம்.

வரலாறும் அக்கல்லிலேயே இருக்கின்றது. பூல்னபுரோன் என்னுமிடத்தில், நிறுத்திய கற்களின்மேற் பலகைக்கல் ஏற்றிய ஈமச்சின்னம் ஒன்றுண்டு. அது 5,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையது. 1986இல் தொடங்கிய அகழ்வில், 30 பேருக்கு மேற்பட்டோரின் என்புகள் அங்கே கிடைத்தன. பண்டை உழவர் காடழித்தமையாலும் மண் அரிக்கப்பட்டுக் கல் வெளிப்பட்டது என்பர் ஆய்வாளர்.

இன்று அம்மலர்களைக் காப்பவரும் உழவரே. பிற நாட்டார் கோடையில் மலைக்கு ஏற்றும் மாடுகளை இவர்கள் மாரியில் ஏற்றுகின்றனர். முற்றிய புல்லை மாடுகள் தின்றுவிட, வசந்தத்திற் பூஞ்செடிகளுக்கு ஒளி கிடைக்கின்றது. மேய்ச்சல் கைவிடப்பட்ட இடங்களிலோ ஹேசற் புதர் மண்டிப் பூக்கள் மறைகின்றன.

ஆதலால் அங்கே செல்வோர் பூவைப் பறியாமலும், கல்லைப் பெயர்த்து அடுக்காமலும் மீள்வாராக. கற்சுவர்களுக்கப்பால் மேயும் மாடுகளையும் நன்றியோடு நோக்குவாராக. அம்மாடுகள் மலையேறுங்காறுமே அப்பூக்களும் இருக்கும்.