ஆபத்து வேளையிற் பாடசாலையும் வீடும்

(எமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இம்மேடையிலே வழக்கமாகப் பேசப்படும் பொருள்கள் சமயமும் இலக்கியமும். இவ்வாண்டு இளைஞராகிய எமக்குக் கால் மணி நேரம் தரப்பட்டபோது வேறொரு பொருளைக் கேட்டுப் பெற்றோம். பாடசாலை நடந்துகொண்டிருக்கும் ஒரு காலையிலே பெரிய ஆபத்தொன்று நேர்ந்தால், நமது கல்வி வலயத்துப் பாடசாலைகள் பெற்றாருக்கு என்ன சொல்லும், எவ்வழியாற் சொல்லும், அதைக் கேட்ட பெற்றார் என்ன செய்வர் என்பதே அப்பொருள்.

மட்டக்களப்பு மாவட்டம் பேராபத்துக்களை அறியாததன்று. 1978 ஆம் ஆண்டு கார்த்திகை 23 ஆந் திகதிச் சூறாவளியைப் பற்றி இச்சபையிலுள்ள பெரியோர் இன்றும் பேசுவர். 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆந் திகதிக் கடற்கோள் இந்நாட்டில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2012 ஆம் ஆண்டு சித்திரை 11 ஆந் திகதி சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடி நிலம் நடுங்கியபோது எச்சரிக்கை விடுக்கப்பட்டுக் கரையோரத்து மக்கள் உள்ளூர்ப் பக்கம் ஓடினர். இம்மூன்றிலும் ஓர் ஒற்றுமை உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. சூறாவளி இரவில் அடித்தது. கடற்கோள் வந்த நாள் ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி, பாடசாலை விடுமுறைக் காலமுங்கூட. 2012 ஆம் ஆண்டு எச்சரிக்கையோ பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் வந்தது. பிள்ளைகள் வகுப்பிலும் பெற்றார் வேலையிலும் இருக்கும் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கடல் வந்தால் எப்படியிருக்கும் என்பதை நமது பாடசாலைகள் இன்னுங் காணவில்லை. (போர்க்காலத்துக் காலைகளின் கதை வேறு. அதை எம்மிலும் பெரியோரே அறிவர்.)

யப்பான் நாடு அதைக் கண்டது. 2011 ஆம் ஆண்டு பங்குனி 11 ஆந் திகதி, வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.46 மணிக்கு அங்கே பூமி நடுங்கியது. இசினோமாக்கி நகரைச் சேர்ந்த ஓகாவா ஆரம்ப பாடசாலை கடலிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீற்றர் உள்ளே, ஆற்றோரத்தில் இருந்தது. நடுக்கத்துக்கும் வெள்ளம் வந்து சேர்ந்ததற்கும் இடையே ஏறத்தாழ 50 நிமிடம் இருந்தது. பாடசாலைக்குப் பின்னால் மலைச்சரிவும் இருந்தது. ஆசிரியர்கள் பிள்ளைகளை மைதானத்திலே கூட்டி வைத்துக்கொண்டு, எங்கே போவது என்று ஆலோசித்தனர். இடையிடையே பெற்றார் மோட்டார் வண்டிகளில் வந்து தத்தம் பிள்ளைகளை ஏற்றிச் சென்றனர். மற்றைய பிள்ளைகள் நின்றனர். 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் அன்று இல்லாமற் போயினர்.

பெற்றார் சிலர் நீதிமன்றம் சென்றனர். செந்தாய் மேல் நீதிமன்றம் 2018 இல் அளித்த தீர்ப்பை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019 இல் நிலைநிறுத்திற்று. அத்தீர்ப்பு அந்த 50 நிமிடத்துக்கு அப்பாலும் பார்த்தது. எங்கே ஓடுவது என்பதைப் பாடசாலையின் அனர்த்த ஏட்டிலே திட்டமாக எழுதி வையாததும், நகரக் கல்விச் சபை அவ்வேட்டைத் திருத்தச் செய்யாததும் முன்னமே நிகழ்ந்த தவறுகள் என்று அது கண்டது.

இக்கதையைக் கேட்கும் தாய்மார், "பார்த்தீர்களா, ஓடிப்போய்ப் பிள்ளையை எடுத்தவர்கள்தாம் கெட்டிக்காரர்" என்பர். அதை நாம் மறுக்கப்போவதில்லை. பாடசாலை எங்கே ஓடும் என்று தெரியாதவிடத்துத் தாய் ஓடத்தான் வேண்டும். வீட்டிலே இரு என்று அவளிடம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் அதே நாளில், அதே கரையில், கமாயிசி என்னும் நகரிலே வேறொன்று நடந்தது. அந்நகரின் ஆரம்ப, இடைநிலைப் பாடசாலைகளில் ஏறத்தாழ 3,000 பிள்ளைகள் படித்தனர். பாடசாலையின் பொறுப்பில் இருந்த பிள்ளைகள் மேட்டை நோக்கி ஓடித் தப்பினர். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினர். அவ்வூர்ப் பக்கத்திலே 'தெந்தென்கோ' என்றொரு பழைய வழக்கு உண்டு. கடல் பொங்கினால் அவரவர் தத்தம் காலில் மேட்டுக்கு ஓடவேண்டும் என்பது அதன் கருத்து. கேட்கும்போது இரக்கமற்ற சொல்லாகத் தோன்றும். குன்மாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் கதாதா என்பவர் பல ஆண்டுகளாக அந்நகர்ப் பாடசாலைகளிலே அதற்கு உயிர் கொடுத்தார். பிள்ளைகளிடம் அவர் சொல்லிவந்தது இது: வீட்டுக்குப் போய், "நான் நிச்சயம் ஓடித் தப்பிவிடுவேன், என்னைத் தேடி வரவேண்டாம், நீங்களும் ஓடுங்கள்" என்று தாயாரை நம்பச் செய்யுங்கள். ஆபத்து நாளிலே அனுப்பவேண்டிய செய்தி, ஆபத்துக்கு முன்னமே, பிள்ளையின் வாய்மொழியாக வீடு போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போது நம்மூருக்கு வருவோம். கல்லடியிலே கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் நிலம் எவ்வளவு ஒடுங்கியது என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்நிலத்திலே பாடசாலைகள் பல. அவற்றிற் படிக்கும் பிள்ளைகளின் பெற்றாரிற் பலர் வாவிக்கு இப்பால் நகரத்திலே வேலை செய்பவர்கள். 1924 இற் கட்டிய பழைய பாலமும், அதன் பக்கத்தில் 2013 இல் திறந்த புதிய பாலமும் இவ்விரு பக்கத்தையும் இணைக்கின்றன. எச்சரிக்கை ஒலித்ததும் பிள்ளைகள் பாலத்தைக் கடந்து இப்பால் வர முயல, பெற்றார் மோட்டார்ச் சைக்கிளிலும் முச்சக்கர வண்டியிலும் கடற்பக்கம் நோக்கிப் பாய்ந்தால், பாலத்தின் நடுவிலே என்ன நடக்கும்? 2004 இல் நிலநடுக்கத்தின் பின் அலை நமது கரையை அடைய ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேற் சென்றது. நேரம் போதாதென்று சொல்வதற்கில்லை. இரண்டு கூட்டம் எதிரெதிராக வந்தாலோ எந்த நேரமும் போதாது.

ஆகவே பிள்ளைகளைக் கொண்டு செல்லும் இடமும், ஒப்படைக்கும் இடமும் முன்னமே தெரிந்திருக்கவேண்டும். எந்த இடம் என்று தீர்மானிப்பது எமது வேலையன்று. அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தாரும் வலயக் கல்விப் பணிமனையும் அதிபர்களும் கூடிச் செய்யவேண்டியது. தீர்மானித்ததை வீடுதோறும் அறிவிப்பதிலேதான் நாம் உதவலாம். யப்பானியப் பாடசாலைகளில் பிள்ளைகளை ஒப்படைப்பதற்கென்றே ஒத்திகை நடத்துகிறார்கள். பெற்றார் வரிசையாக வந்து பெயர் சொல்லிப் பிள்ளையைப் பொறுப்பேற்பர். யார் யார் பொறுப்பேற்கலாம் என்பது அட்டையில் எழுதப்பட்டிருக்கும். இல்லவிளையாட்டுப் போட்டிக்கு மூன்று வாரம் ஒத்திகை பார்க்கும் நம்மாலே இதற்கு ஒரு முற்பகலை ஒதுக்க முடியாதா?

அந்த அட்டையில் யாருடைய பெயரை எழுதுவது என்பதும் இலேசான வினாவன்று. நாம் அறிந்த குடும்பங்கள் பலவற்றிலே தாய் குவைத்திலோ கட்டாரிலோ இருக்கிறார். பிள்ளையை அம்மம்மா வளர்க்கிறார். பாடசாலைப் பதிவேட்டிலுள்ள தொலைபேசி இலக்கமோ, தந்தை எப்போதோ பாவித்துக் கைவிட்ட இலக்கம். அம்மம்மாவிடம் கைத்தொலைபேசி இருந்தாலும், வரும் செய்தியை வாசிப்பது பேரப்பிள்ளைதான். அந்தப் பேரப்பிள்ளை அந்நேரம் வகுப்பிலே இருக்கும். இப்படிப்பட்ட வீடுகளுக்கு, வாசிக்கத் தெரிந்த அயலவர் ஒருவரின் இலக்கமும் பதிவேட்டில் இருத்தல் வேண்டும். தவணைக்கு ஒருமுறை இலக்கங்களைச் சரிபார்த்து, அதை ஒரு தாளில் எழுதி, அதிபரின் அறையிலும் பாடசாலைக்கு வெளியே ஓரிடத்திலும் வைக்கவேண்டும். கணினியிலே மட்டும் உள்ள இடாப்பு மின்சாரம் நின்றவுடன் இல்லாத இடாப்பாகிவிடும்.

2020 ஆம் ஆண்டு நோய்க்காலத்தின் பின் வகுப்புக்கு ஒரு வட்ஸ்அப் குழு வந்துவிட்டது. அது போதாதா என்று கேட்பாருமுளர். நல்ல வசதிதான். ஆனால் 2018 ஆம் ஆண்டு கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்களின் பின்னரும் அரசாங்கம் சமூக ஊடகங்களைப் பல நாட்கள் முடக்கி வைத்தது. 2025 ஆம் ஆண்டு கார்த்திகை இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது பல பகுதிகளில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்தன. இவை போகட்டும், குழுவிலே வதந்திக்கும் அதிபரின் செய்திக்கும் ஒரே முகம். "கடல் உள்வாங்கிவிட்டது", "கிணறு வற்றிவிட்டது" என்று யாரோ ஒருவரின் குரல் பத்துக் கைமாறி வந்தால், பாடசாலை வாயிலிலே பத்து நிமிடத்திற் கூட்டம் கூடிவிடும். ஆதலால் செய்தி யாரிடமிருந்து வரும் என்பதை முன்னமே பேசிக்கொள்ளவேண்டும்: பாடசாலையின் ஓர் இலக்கம், அவ்விலக்கத்திலிருந்து அதிபர் அல்லது பிரதி அதிபர். வேறெவர் அனுப்பினும் அது செய்தியன்று.

எல்லாரும் ஒரே வேளையில் அழைத்தால் அழைப்பு எடுபடாது. ஒவ்வோர் உரையாடலும் ஒரு வழியை அடைத்துக்கொண்டிருக்கும். குறுஞ்செய்தியோ வரிசையில் நின்றாவது இடைவெளி கிடைத்தபோது நுழைந்துவிடும். ஆனால் தமிழிற் குறுஞ்செய்தி அனுப்புவோர் ஒன்றை அறிதல் வேண்டும். ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடம் உண்டு. தமிழ் எழுத்துக்கு 70 இடமே உண்டு. புள்ளியும் கொம்பும் விசிறியும் தனித்தனியே கணக்கெடுக்கப்படும். "கல்லடி" என்ற ஒரு சொல்லே ஆறு இடத்தைத் தின்றுவிடும். எனவே "அன்புள்ள பெற்றோர்களுக்கு அறியத்தருவது யாதெனில்" என்று தொடங்கினால் செய்தி தொடங்குமுன்னமே இடத்திற் பெரும்பகுதி முடிந்துவிடும். நாம் எழுதிப் பார்த்த ஒன்று இது: "பிள்ளைகள் நலம். நகர மைதானத்தில் உள்ளனர். பாலத்துக்கு வர வேண்டாம்." எண்ணிப் பார்த்தோம், 65 இடம். இத்தகைய நாலைந்து வாசகங்களை, வெள்ளத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று, வீதி அடைபட்டுப் பிள்ளைகள் பாடசாலையிலேயே தங்க நேர்ந்தால் ஒன்று என, அமைதியான நாளிலேயே எழுதி வைத்தல் நன்று. நடுங்கும் கை வாசகம் எழுதாது.

படுவான்கரைப் பாடசாலைகளின் நிலை சற்று வேறு. அங்கே ஆபத்து பெரும்பாலும் மழையாக வரும், மெல்ல வரும், ஆனால் வீதியை மூடிவிடும். காலையிலே பாடசாலைக்கு வந்த பிள்ளை மாலையில் வீடு திரும்ப முடியாமற் போகலாம். அங்கே தொலைபேசி எடுபடாத இடங்களுக்குப் பழைய வழிகளே துணை. எம்மிற் பலர் மிசன் பாடசாலைகளிற் படித்தவர்கள். பாடவேளைக்கு ஒரு மணி, செபத்துக்கு ஒரு மணி, ஆபத்துக்கு விட்டுவிட்டு அடிக்கும் மணி என்று காதாற் பழகியவர்கள். ஊர்க் கோயில் மணிக்கும், தேவாலய மணிக்கும், பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கும் அப்படியொரு பொது அடையாளத்தை ஊரார் கூடிப் பேசி ஏற்படுத்தினால், வாசிக்கத் தெரியாத அம்மம்மாவுக்கும் அது விளங்கும். இதற்கு மூன்று சமயத்தாரும் ஒரு மேசையில் இருக்கவேண்டும். அழைப்பை நமது சங்கமே விடுக்கலாம் என்பது எமது கருத்து.

இனி எமது வேண்டுகோள். வருகிற தவணை விடுமுறையிலே எம்மிற் பன்னிருவர் இருவர் இருவராகப் பிரிந்து, அதிபர்களின் சம்மதத்துடன், வீடுகளுக்கு வர எண்ணியுள்ளோம். பிள்ளையைப் பொறுப்பேற்கத் தகுந்த இருவர் பெயரையும் இலக்கத்தையும் கேட்போம். அத்தாளைப் பாடசாலையிலே கொடுத்துவிடுவோம், படியெடுத்து வைத்திருக்கமாட்டோம். பாடசாலை எங்கே ஓடும் என்பதை அறிவித்தபின், கடல் எச்சரிக்கை வேளையிற் பிள்ளையைத் தேடிப் பாலத்துக்கு வருவதில்லை என்ற வாக்கையும் கேட்போம். அவ்வாக்கைத் தருவது தாய்மாருக்கு எளிதன்று என்பதை அறிந்தே கேட்கின்றோம்.

கோயில் தருமகர்த்தாக்கள் சிலரும் இச்சபையில் இருக்கின்றீர்கள். வீதி அடைபட்டால் பிள்ளைகள் இரவு தங்கக்கூடிய மடங்கள் உங்கள் பொறுப்பில் உள்ளன. அம்மடங்களின் சாவி பகலிலே யாரிடம் இருக்கும், அவர் இல்லாதபோது யாரிடம் இருக்கும் என்பதை இன்று கூட்டம் கலையுமுன் எமது செயலாளரிடம் சொல்லிச் செல்லும்படி பணிவுடன் கேட்டுக்கொள்ளுகின்றோம்.