பிரிவு வேறு, செயல்முறை வேறு



செயல்முறை, செயற்பிரிவு, நடைமுறை, பொறுப்பு, திறன் ஆகிய ஐந்து சொற்களையும் மாற்றி மாற்றிப் போட்டு எழுதும் பழக்கம், செயல்முறையையும் நிறுவன அமைப்பையும் ஆராயும் நம் இரு துறைகளிலும் வேரூன்றிவிட்டது. இந்த மாநாட்டுக்கு வந்த கட்டுரைச் சுருக்கங்களிலும் அதைக் கண்டேன். இதனால் விளையும் கேட்டை உணர்த்த ஃபோர்டு நிறுவனத்தின் அனுபவம் ஒன்றே போதும். மைக்கேல் ஹாமர் 1990இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதி உலகறியச் செய்தது அது.

1980களின் தொடக்கத்தில் ஃபோர்டின் வட அமெரிக்கப் பட்டுவாடாக் கணக்குப் பிரிவில் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். கணினியைக் கொண்டு அதை 400 ஆக்கலாம் என்பது திட்டம். மஸ்தா என்ற கார் நிறுவனத்தில் அதே வேலையை 5 பேர் பார்ப்பது அப்போது தெரியவந்தது. மஸ்தா சிறிய கம்பெனிதான்; அதற்கென்று கழித்துக்கொண்டாலும் கணக்கு ஒத்துவரவில்லை.

ஃபோர்டில் கொள்முதல் பிரிவு எழுதும் பர்ச்சேஸ் ஆர்டரின் நகல் ஒன்று கணக்குப் பிரிவுக்கு வரும். சரக்கு இறங்கியதும், இறங்கிய இடத்திலிருந்து ஒரு சீட்டு வரும். சப்ளையர் பில் அனுப்புவார். மூன்றையும் சேர்த்து வைத்து 14 விவரங்களைச் சரிபார்த்த பிறகே பணம். பொருந்தாதவற்றைத் துருவித் துருவிப் பார்ப்பதிலேயே ஊழியர்களின் பொழுது கரைந்தது. பிறகு ஃபோர்டு பில்லையே எடுத்துவிட்டது. சரக்கு இறங்கும் இடத்தில் இருப்பவர் கணினியில் ஆர்டரைப் பார்ப்பார். ஒத்திருந்தால் ஏற்பார், இல்லையேல் திருப்பிவிடுவார். உதிரிபாக எண், அளவை அலகு, சப்ளையர் குறியீடு ஆகிய மூன்றும் பொருந்தினால் போதும், பணம் போய்விடும். ஆட்களின் எண்ணிக்கை முக்கால் பங்கு குறைந்தது. (குறைக்கப்பட்டவர்களின் நிலை என்ன என்று கேட்கும் கடமையும் நமக்கு உண்டு. அதை மறந்த செயல்முறை ஆய்வை நான் முழுமையானதென்று ஏற்கமாட்டேன்.)

பட்டுவாடாக் கணக்கு என்பது ஒரு பிரிவு. சரக்கு கேட்பதில் தொடங்கிப் பணம் தருவதில் முடிவதே செயல்முறை. அது மூன்று பிரிவுகளின் வாசலைத் தாண்டி ஓடுகிறது. பிரிவை மட்டும் பார்த்தவர்களுக்கு 400 தெரிந்தது. ஓட்டத்தைப் பார்த்தபோதுதான் பில்லே வேண்டாம் என்பது தெரிந்தது.

ஆர்க்கிமேட் என்னும் வரைமொழி இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பிடித்திருக்கிறது. திறமையும் வளமும் ஒன்றாக இருப்பதால் தொகுத்த வேலைகள் செயற்பிரிவைச் சேர்ந்தவை. ஒரு விளைவை நோக்கி வரிசையாக நடப்பவை செயல்முறையைச் சேர்ந்தவை. பொறுப்பு வேறு, அதை ஏற்கும் ஆள் வேறு என்றும் அது பிரிக்கிறது. நடைமுறை என்பது ஒரு வேலையைச் செய்ய எழுதிவைத்த விதி. திறன் என்பது, யார் எப்படிச் செய்தாலும், நிறுவனத்தால் முடிகிற காரியம்.

இவற்றுள் மிகவும் குழம்பிக் கிடப்பது 'யார்' என்ற கேள்வி. கில்பிரெத் 1921இல் செயல்முறை வரைபடத்தை அமெரிக்க இயந்திரப் பொறியாளர்கள் முன் வைத்தபோதே வேலையின் ஓட்டத்தை வரையும் வழி கிடைத்துவிட்டது. ஆனால் தகவல் அமைப்புகளுக்காகச் சாக்மன் 1987இல் தந்த கட்டமைப்பில் என்ன, எப்படி, எங்கே என்ற மூன்று பத்திகளே விரிவாக இருந்தன. மனிதருக்கான பத்தி 1992இல் சோவாவுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில்தான் முழுமை பெற்றது. செயல்முறைகளை வரையப் பயன்படும், 2013இல் ஐஎஸ்ஓ தரமாகிவிட்ட பிபிஎம்என் குறிமுறையோ, நிறுவன அமைப்பை வரைவது தன் எல்லைக்கு வெளியே என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதில் வேலைகளை வகைபிரித்துக் காட்டும் 'நீச்சல் பாதை', துறையா, பதவியா, மென்பொருளா என்பதை வரைபவரின் முடிவுக்கே விட்டிருக்கிறது.

நாம் ஆராயும் இரு துறைகளும் சந்திக்கும் இடம் அந்தப் பாதைதான். ஒரே படத்தில் முதல் பாதை 'கணக்குப் பிரிவு', இரண்டாவது 'மேலாளர்', மூன்றாவது 'இஆர்பி' மென்பொருள் என்று வரைந்தால், நாளை மேலாளர் பதவி எடுக்கப்படும்போது எந்த வேலை அநாதையாகும் என்று அந்தப் படத்தால் சொல்ல முடியாது.

ஆகவே கட்டுரை படிக்கும் அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் படத்தின் ஒவ்வொரு பாதையும் ஆளா, பொறுப்பா, பிரிவா, கருவியா என்று முதலில் சொல்லுங்கள். சொல்லாதவரிடம் அவையோர் தயங்காமல் கேளுங்கள். மாநாட்டின் முடிவில் வெளியிடவிருக்கும் சொற்பட்டியலில், இந்த ஐந்து சொற்களுக்கும் வரையறையோடு ஒரு வரைபட எடுத்துக்காட்டும் இடம்பெற வேண்டும் என்பது தலைவர் என்ற முறையில் என் முன்மொழிவு. முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.