டா: ஓர் ஓரெழுத்தொருமொழியின் பல பிறப்புகள்

  

ஒலியொத்த சொற்களெல்லாம் உறவுச் சொற்களா? இதில் எனக்கும் துறை நண்பர்கள் சிலருக்கும் பிணக்கு உண்டு. சொல் சிறியதானால் திரிபுக்கு இடம் குறைவு. எனவே இனமொழிகளில் ஒத்த வடிவம் கண்டால் ஒரே வேர் எனக் கொள்ளலாம் என்பது அவர்கள் கட்சி. சொல் சிறுக்கச் சிறுக்க ஒப்புமையின் சான்றுவலிமையும் சிறுக்கும் என்பது என் கட்சி. ஐரோப்பிய மொழிகளின் ‘டா’வைக் கொண்டே அதை நிறுவுகிறேன்.

1. இரண்டு பெயர்கள்

லியொனார்டோ டா வின்சி, வாஸ்கோ டா காமா. ஒன்று இத்தாலியம், மற்றது போர்த்துகீசியம். இரண்டும் இலத்தீனின் சேய்மொழிகள். பள்ளிப் பிள்ளையும் இரண்டு ‘டா’வும் ஒன்றே என்பான்.

இத்தாலிய ‘டா’வுக்கு ‘இருந்து’ என்பது முதற்பொருள். தஸ்கனியின் வின்சி ஊரைச் சேர்ந்தவர் என்பதே 1452இல் பிறந்த அந்த ஓவியரின் பெயர் தரும் செய்தி. இலத்தீனின் ‘டே’, ‘அப்’ என்னும் இரு சொற்கள் ஒட்டி இது பிறந்தது.

போர்த்துகீசிய ‘டா’வில் ‘டே’ உண்டு, ‘அப்’ இல்லை. அங்கே ஒட்டியிருப்பது பெண்பாற் பெயருக்கு முன் வரும் ‘அ’ என்னும் சுட்டு. அதன் மூலம் இலத்தீன் ‘இல்லா’; அது ‘லா’ எனத் தேய்ந்து ‘டே’யோடு சேர்ந்தது. லகரம் எங்கே போயிற்று? உயிர்களுக்கு இடையே நின்ற ஒற்றை லகரத்தைப் போர்த்துகீசியம் இழந்துவிடும். நிறத்தைக் குறிக்கும் ‘கொலோர்’ அங்கே ‘கோர்’ ஆயிற்று. வலியைக் குறிக்கும் ‘டொலோர்’ ‘டோர்’ ஆயிற்று. அண்டையிலுள்ள ஸ்பானியம் கொலோர், டொலோர் இரண்டையும் காத்தது. ‘டே லா’வையும் அப்படியே காத்தது. விதி ஒன்று, விளைவு மூன்று இடங்களில்.

நடத்தையும் இதையே சொல்கிறது. போர்த்துகீசிய ‘டா’ ஆண்பாலில் ‘டோ’ ஆகும், பன்மையில் ‘டாஸ்’ ஆகும். இத்தாலிய ‘டா’ பாலும் எண்ணும் ஏற்காது. காமாவின் ‘டா’வுக்கு இத்தாலியத்தில் நேர்ச்சொல் ‘டெல்லா’.

முன்பாதி உறவுதானே என்று நண்பர்கள் கேட்பார்கள். உறவுதான். ஆனால் அதைக் காட்டியது ஒலியொப்புமை அன்று, பகுப்பும் விதியும்.

2. பிற மொழிகள்

ஜெர்மனில் ‘டா’ ‘அங்கே’, வெல்ஷில் ‘நல்ல’, ஸ்காட்லாந்து கேலிக்கில் ‘இரண்டு’, ரஷ்யனில் ‘ஆம்’. ருமேனியன் இலத்தீனின் சேய். ஆயினும் ‘ஆம்’ என்னும் அதன் ‘டா’ ஸ்லாவியரிடம் பெற்ற கடன். மறுபுறம், இத்தாலியத்தில் ‘தருகிறான்’ என்னும் ‘டா’வும் போலிஷில் ‘தருவான்’ என்னும் ‘டா’வும் மெய்யான உறவுகள், ஒரே தொல்வேரின் கிளைகள். ஆர்மேனிய ‘எர்கு’வோ ஒலியால் சிறிதும் ஒவ்வாமலே இலத்தீன் ‘டுவோ’வுக்கு உடன்பிறப்பு; இரண்டுக்கும் பொருள் ‘இரண்டு’. பிரெஞ்சு மொழியியலறிஞர் அந்தோனி மெய்யே காட்டிய சான்று இது.

3. இனிச் செய்ய வேண்டியவை

‘சி’, ‘நோ’, ‘ஆ’ ஆகிய ஐரோப்பியச் சிறுசொற்களையும் இவ்வாறே ஆராயலாம். முத்துக்குளித்துறையிலும் இலங்கையிலும் டா குரூஸ், டா சில்வா போன்ற போர்த்துகீசியப் பெயர்கள் எப்போது ‘டி’ ஆயின என்று பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளில் தேடலாம். வேர்ச்சொல் ஆய்வேடுகளில் ஒலிவிதி காட்டாத ஒப்புமையை ஏற்பதில்லை எனத் துறை முடிவெடுக்க வேண்டும். முதலிரண்டையும் இளைய ஆய்வாளர்கள் மேற்கொள்ள வேண்டுகிறேன்.