திரை வண்ணமும் படிப்பவர் கண்ணும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வண்ணம் என்றதும் இலக்கிய வட்டத்தாரின் நினைவில் முதலில் எழுவது ஓசை. தொல்காப்பியர் செய்யுளியலில் இருபது வண்ணங்களை எண்ணிக் கூறுகிறார். அவை யாவும் செவிக்குரியன. இவ்வுரை எடுத்துக்கொள்வதோ கண்ணுக்குரிய வண்ணம். கணிப்பொறித் திரையின் முகப்பு, சாளரம், எழுத்து ஆகியவற்றின் நிறங்களை அவரவர் விருப்பப்படி மாற்றி அமைத்துக்கொள்ளும் வசதியே இதன் பொருள். இதனை வெறும் ஒப்பனை என்று ஒதுக்குவோர் பலர். கவிதை இன்று திரையில் எழுதப்பட்டுத் திரையிலேயே படிக்கப்படுகிறது. ஆகவே அந்தத் தளத்தின் நிறத்தை முடிவு செய்ய உரியவர் யார், அதனைச் செய்தவரா, படிப்பவரா என்ற வினா எழுத்தோடு உறவுடைய யாவர்க்கும் உரியதாகிறது.

முதலில் தெரிவு என்பதே இல்லை. கரிய திரையில் பச்சை எழுத்து, அல்லது பொன்மஞ்சள் எழுத்து. திரைக் கண்ணாடியின் உட்புறம் பூசப்பட்ட ஒளிர்பொருள் எந்நிறமோ அந்நிறமே எழுத்தின் நிறம். 1973-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனத்துப் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் உருவான ஆல்டோ என்னும் கணிப்பொறி, திரையை வெள்ளைத் தாளாகவும் எழுத்தைக் கரிய மையாகவும் காட்டிற்று. 1984-இல் வந்த மெக்கின்டாஷும் அவ்வழியே சென்றது. அதில் கறுப்பும் வெள்ளையும் தவிர வேறு நிறமில்லை. ஆயினும் முகப்புத் திரையின் பின்னணியை மாற்ற ஒரு சிறு கட்டம் தரப்பட்டிருந்தது. வரிசைக்கு எட்டாக எட்டு வரிசை, ஆக 64 புள்ளிகள். எதனைக் கறுப்பாக்குவது, எதனை வெள்ளையாக விடுவது என்பதைப் பயன்படுத்துவோரே தீர்மானிக்கலாம். நிறமில்லாத இடத்திலும் மனிதர் ஒரு புள்ளிக் கோலமாவது இட்டுத் திரையைத் தமதாக்கிக்கொள்ள விழைந்தனர் என்பதற்கு அது சான்று.

நிறம் வந்த பின்னர் உரிமை விரிந்தது. 1990-இல் வந்த விண்டோஸ் 3.0, 1992-இல் வந்த விண்டோஸ் 3.1 ஆகியவற்றின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் நிறத்துக்கெனவே ஒரு பகுதி இருந்தது. விண்டோஸ் 3.1-இல் முகப்புத் தளம், சாளரப் பின்னணி, சாளர எழுத்து, பட்டியல், தலைப்புப் பட்டை, ஓரம், பொத்தான் என ஏறத்தாழ இருபது உறுப்புகளுக்குத் தனித்தனியே நிறம் தரலாம். ஆயத்தமாக 48 நிறங்கள் இருந்தன. அவை போதாவிட்டால் தாமே கலந்து 16 நிறங்களைச் சேர்த்து வைக்கலாம். ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் அளவாக, 0 முதல் 255 வரையிலான மூன்று எண்களாக ஒரு கோப்பில் எழுதப்பட்டது. அம்மூன்று எண்களின் சேர்க்கையால் 1,67,77,216 நிறங்கள் பிறக்கும். ஆயின் அக்காலத்துத் திரைகள் பலவும் ஒரே நேரத்தில் 16 நிறங்களையே தூய்மையாகக் காட்ட வல்லவை. நிறுவனமே தொகுத்தளித்த நிறத் தொகுப்புகளுள் 'ஹாட் டாக் ஸ்டாண்ட்' என்பதொன்று. செக்கச் சிவப்பும் பளிச்சிடும் மஞ்சளும் கலந்து கண்ணைப் பறித்த அதனை இன்றும் நகைத்து நினைவுகூர்வோர் உளர். அழகற்றதைத் தேர்ந்துகொள்ளவும் அன்று உரிமை இருந்தது.

இவ்வுரிமை இயங்கிய முறை எளியது. நன்கு எழுதப்பட்ட ஒரு மென்பொருள் 'வெள்ளை கொடு' என்று கணிப்பொறியைக் கேட்பதில்லை. 'சாளரப் பின்னணிக்குரிய நிறம் எதுவோ அதைக் கொடு' என்று கேட்கும். விடை, பயன்படுத்துவோர் நிரப்பிய அட்டவணையிலிருந்து வரும். இதனை மறந்து, எழுத்து எப்போதும் கறுப்பே என்று தாமாக எழுதிவைத்த மென்பொருள்களும் உண்டு. கண் கூசுவதால் பின்னணியைக் கறுப்பாக்கிக்கொண்ட ஒருவர் அத்தகைய மென்பொருளைத் திறந்தால், கறுப்பின்மேல் கறுப்பு எழுத்து; எழுதியது அனைத்தும் இருந்தும் ஒன்றும் தெரியாது. கேளாமல் முடிவு செய்வதன் விளைவு இது.

நிறத் தெரிவில் விருப்பத்துக்கு அப்பால் அளவையும் உண்டு. மூன்று ஒளிகளும் கண்ணுக்கு ஒரே வெளிச்சத்தைத் தருவதில்லை. வெண்மையின் வெளிச்சத்தில் பச்சையின் பங்கு ஏறத்தாழ 72 விழுக்காடு, சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு 7 மட்டுமே. ஆகவே கறுப்பின்மேல் நீல எழுத்து மங்கி அமிழ்கிறது. வெள்ளையின்மேல் மஞ்சள் எழுத்து கரைந்து போகிறது. 2008-இல் வெளியான வலைப்பக்க அணுகுமுறை நெறிகள், எழுத்துக்கும் தளத்துக்கும் இடையிலான வெளிச்ச விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 இருத்தல் வேண்டும் என வரையறுத்தன. வெள்ளையில் கறுப்பு 21-க்கு 1. வெள்ளையில் தூய மஞ்சள் 1.07-க்கு 1. மூன்று எண்களும் 118 ஆகவுள்ள சாம்பல் நிற எழுத்து வெண்தளத்தில் இவ்வரையறைக்குள் தேறும்; 119 ஆனால் தவறிவிடும். அந்த ஓர் எண்ணின் வேறுபாட்டைக் கண் தனித்து உணராது. எங்கேனும் ஓரிடத்தில் எல்லைக்கோடு இட்டாக வேண்டும் என்பதே அதன் பொருள்.

தமிழ் எழுத்துக்கு இது கூடுதலாகப் பொருந்தும். உயிர்மெய்யை மெய்யிலிருந்து பிரித்துக் காட்டுவது ஒரு புள்ளி. ஓலையில் எழுதியோர் புள்ளியைப் பெரும்பாலும் இடாது விட்டனர். பதிப்பாசிரியர்கள் அதனால் பட்ட பாடு பெரிது. வெளிறிய சாம்பல் எழுத்தை வெள்ளைத் திரையில் இட்டால் முதலில் மறைவது அப்புள்ளியே. ஓலைக்காலத்து ஐயத்தை ஒருவர் தம் நிறத் தெரிவாலேயே மீண்டும் வரவழைத்துக்கொள்ளலாம்.

ஒளி குன்றிய கண்ணுடையார்க்கோ நிறம் மாற்றும் வசதி படிக்கும் வாயிலாகவே அமைகிறது. ஐரோப்பிய வழியினரான ஆண்களில் ஏறத்தாழ பன்னிருவரில் ஒருவர்க்குச் சிவப்பும் பச்சையும் வேறுபடுத்தி அறிதல் அரிது. கண்புரை உடையோர் பலர்க்கு வெண்திரையின் ஒளி உள்ளே சிதறி எழுத்தை மறைக்கிறது. கரிய தளத்தில் வெண்ணெழுத்தே அவர்க்கு இதம். இயல்பான பார்வையுடையார்க்கு நிலை வேறு: வெளிச்சமான தளத்தில் கண்மணி சுருங்கி எழுத்து கூர்மையாகத் தெரிவதால், பெரும்பாலும் வெண்தளத்துக் கரிய எழுத்தே நுணுகிப் படிக்க உதவுகிறது. ஆகவே இருள் தளம் எல்லார்க்கும் நன்று என்பதும், ஒளித் தளம் எல்லார்க்கும் நன்று என்பதும் ஒருசேரப் பிழை. ஒரு கண்ணுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு உறுத்தல். 1995-இல் வந்த விண்டோஸ் 95 உயர் வேறுபாட்டு நிறத் தொகுப்புகளைத் தந்தது இதனாலேயே. இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், பிரிண்ட் ஸ்கிரீன் என்னும் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் திரை அந்நிறங்களுக்கு மாறும் வழி இன்றும் நீடிக்கிறது.

பின்னர் உரிமை சுருங்கத் தொடங்கியது. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி தன் புதிய தோற்றத்துக்கு நீலம், ஒலிவப் பச்சை, வெள்ளி என மூன்று நிறங்களையே அளித்தது. பழைய தோற்றத்துக்குத் திரும்புவோர்க்கு மட்டும் பழைய உரிமை எஞ்சியது. 2012-இல் விண்டோஸ் 8 அப்பழைய தோற்றத்தையும் உறுப்புதோறும் நிறம் மாற்றும் பலகத்தையும் நீக்கிற்று. 2018-இல் மேக் கணிப்பொறிகளுக்கு மொஹாவே பதிப்பு முழுமையான இருள் தோற்றத்தைத் தந்தபோது உலகம் வரவேற்றது. ஆயின் அது ஒளி, இருள் என்னும் இரண்டில் ஒன்றைத் தெரியும் உரிமை. இன்றைய விண்டோஸ் 11-இல் எழுத்து, பின்னணி, இணைப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனியே நிறம் தர விரும்புவோர் அணுகல்வசதிப் பகுதியில் உள்ள வேறுபாட்டுத் தொகுப்புகளைத்தான் நாட வேண்டும். கண் குறையுடையார்க்கெனத் திறந்த வாயில் ஒன்றே மற்றவர்க்கும் மிஞ்சியது.

மறுதரப்பின் வாதமும் கேட்கத்தக்கது. 2019-இல் க்னோம் என்னும் திறமூல முகப்புக்கு மென்பொருள் எழுதுவோர் சிலர் திறந்த மடல் ஒன்றை வெளியிட்டனர். லினக்ஸ் வெளியீட்டாளர்கள் தம் விருப்பப்படி நிறமும் தோற்றமும் மாற்றுவதால் மென்பொருள் சிதைகிறது; குறை கூறுவோர் வருவதோ எழுதியவரிடம் என்பது அவர்களின் முறையீடு. இதில் நியாயம் உண்டு. பாவலர் வகுத்த அடியை அச்சிடுவோர் மாற்றி மடிப்பது போன்றதே அது. ஆனால் அம்முறையீடு இடையில் நிற்கும் வெளியீட்டாளரை நோக்கியது. தம் கணிப்பொறியைத் தாமே மாற்றிக்கொள்ளும் தனி மனிதரை அம்மடலும் தடுக்கவில்லை. கேடிஇ பிளாஸ்மா என்னும் மற்றொரு முகப்பு உறுப்புதோறும் நிறம் மாற்றும் உரிமையை இன்றளவும் காத்து வருகிறது.

ஆகவே எல்லை தெளிவாகிறது. எங்கே தலைப்பு, எங்கே எழுத்து, எது எச்சரிக்கை என்று வகுப்பது செய்தவர் கடன். அவை எந்நிறத்தில் கண்ணைச் சேரும் என்பது படிப்பவர் உரிமை. இரண்டுக்கும் நடுவே உள்ளது அந்த எளிய அட்டவணை. கேட்டுப் பெறும் பண்பு அது. எச்சரிக்கையைச் சிவப்பால் மட்டும் உணர்த்தாது சொல்லாலும் உணர்த்துதல் அப்பண்பின் மற்றொரு கூறு.

கவிதையைத் திரையில் வெளியிடும் அன்பர்கள் இதனை மனங்கொள்ளுதல் நன்று. தம் பாடலுக்கு ஏற்ற நிறம் தேடி, ஊதாத் தளத்தில் செந்நிற எழுத்தை மாற்ற இயலாத படமாக்கித் தரும் வழக்கம் பெருகியுள்ளது. மங்கிய விழியோடு அதன்முன் அமரும் முதியவர் ஒருவர்க்கு அக்கவிதை எழுதப்படாததற்கு நிகர். எழுத்தை எழுத்தாகவே தந்துவிட்டால், அவர் தம் கண்ணுக்கு உகந்த நிறத்தில் அதைப் படித்துக்கொள்வார். பத்தாண்டுகளாகக் கவிதையைப் பலர் செவிக்குக் கொண்டு சேர்த்த இவ்வட்டம், இனி அதைப் பலர் கண்ணுக்கும் தடையின்றிக் கொண்டு சேர்ப்பதாகுக.