சட்டம் விலகிவிட்டது, அச்சமும் விலகட்டும்!

(நுவரெலியா மாவட்டத் தோட்டத் தொழிலாளர் மத்தியில் ஆற்றிய உரை)



நாள் முழுதும் கூடை சுமந்து கொழுந்து பறிப்போருக்கு வலி மாத்திரை புதிய பொருளன்று. டைக்ளோபினாக், இபுபுரூபன், அஸ்பிரின் எனப் பெயர் பல. வீக்கத்தையும் வலியையும் தணிப்பதே அவற்றின் தொழில். அளவு மீறினால் அந்த மருந்தே நஞ்சாகும். ஒன்றுக்குத் தீராத வலிக்கு மூன்றை விழுங்குவோர் உண்டு. ஒரே மருந்தை இரு பெயரில் வாங்கி, அறியாமல் இரட்டிப்பாக உண்போரும் உண்டு. மனமுடைந்து விழுங்குவோரும் உண்டு. காரணம் எதுவாயினும் ஆபத்து ஒன்றே.

குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, காதிரைச்சல், தூக்க மயக்கம் ஆகியவை முதல் அறிகுறிகள். இரத்த வாந்தி, கரிய மலம், வேக மூச்சு, வலிப்பு, நினைவிழப்பு தோன்றினால் நிலைமை கடுமை. அறிகுறி வரட்டும் என்று காத்திராதீர்கள்! பனடோல் இவ்வினத்தைச் சேர்ந்ததன்று. ஆனால் அதை அளவுமீறி உண்டவர் முதல் நாள் நலமாகவே தோன்றலாம். ஈரலோ உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். காலத்தோடு சென்றால் அதற்கு மாற்று மருந்து உண்டு.

செய்ய வேண்டியது என்ன? உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மயங்கியவருக்கு வாய்வழி எதையும் கொடாதீர்கள், ஒருக்களித்துக் கிடத்துங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய வண்டி இலவசமாக வரும். எஞ்சிய மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எதை, எத்தனை, எத்தனை மணிக்கு உண்டார் என்பதை ஒளிக்காமல் வைத்தியரிடம் கூறுங்கள்.

ஒளிப்பது ஏன்? பொலிசு வரும், வழக்கு வரும் என்ற அச்சத்தால் அல்லவா? வழக்கறிஞன் என்ற முறையில் சொல்கிறேன்: தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டக்கோவையின் 302ஆம் பிரிவு 1998ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. உயிர் பிழைத்தவரைச் சிறையிலிட இன்று சட்டமில்லை. இல்லாத சட்டத்துக்கு அஞ்சி லயத்துக் கதவை அடைத்து ஓர் உயிரை இழப்பதா?

இரவில் வண்டி வரத் தாமதமானால் தோட்ட வாகனத்தைக் கேளுங்கள். தொழிலாளரின் வைத்தியப் பொறுப்பைத் தோட்ட உரிமையாளர்மீது 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே சுமத்தியது. ஆகவே நாம் கேட்பது பிச்சையன்று.

பிழைத்து வந்தவரை ஏசாதீர்கள். அருகிருந்து அவர் துயரைக் கேளுங்கள். மனச்சுமை தாங்காதோர் பேசுவதற்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் உண்டு. மானம் போகுமே என்று மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஓர் உயிரின் விலை. அதை மறவாதீர்கள்!